தீயில் காட்டாத ஊசி

அம்மாசிக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. சுருட்டும் இல்லை. இருந்தும் அவருடைய சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லாத நாளை யாரும் பார்த்ததில்லை. திகாம் பத்து ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் மாட்டு வண்டி ஓட்டிய காலத்திலும், வண்டிகள் போய் லோரி வந்த காலத்திலும், கண் மங்கி லயத்து வீட்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்துவிட்ட கடைசிக் காலத்திலும் அந்தப் பெட்டி அவரோடு இருந்தது.

யார் கையிலாவது ஊசி கண்ணில் பட்டால் போதும், அவர் கை பைக்குள் போய்விடும். காலில் ஏறிய முள்ளை எடுக்க ஒருத்தி ஊசியோடு உட்கார்ந்தால், பக்கத்தில் போய் ஒரு குச்சியைக் கிழித்து நீட்டுவார். பேத்திக்குக் காது குத்த வந்த பத்தர், ஊசியை அவர் கண்ணெதிரே சிவக்கக் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான் பிள்ளையைத் தொட முடிந்தது. கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் சீனரிடமும் குச்சியைக் கிழித்து நீட்டுவார். சீனர் சிரித்துக்கொண்டு, செருப்புக்கும் சாக்கிட் வருமா என்று மலாயில் கேட்பார். செத்த தோலுக்கு நோய் வராது என்பது அம்மாசிக்கும் தெரியும். ஆனாலும் நீட்டிய கையை மடக்கமாட்டார். குச்சி விரல் வரைக்கும் எரிந்து வரும். சீனர் பாவம் பார்த்து ஊசியை ஒரு தடவை காட்டி எடுப்பார்.

தோட்டத்தில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முனியாண்டி சாமிக்கு வேண்டுதல் என்றார்கள் சிலர். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு தீக்குச்சிக்கு லயம் முழுக்க அலைந்த ஞாபகம் இன்னும் போகவில்லை என்றார்கள் சிலர். காலம் சரிதான். காரணம் வேறு.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அந்தத் தோட்டத்தில் பால்மரத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வந்த பிறகு பாலை வாங்க ஆள் இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளியும் கேழ்வரகும் நட்டார்கள். வெட்டிய மரம் விறகாகி, ரயில் ஓட்டுவதற்காக ஸ்டேஷனுக்குப் போயிற்று. பெட்ரோல் இல்லாமல் லோரி கொட்டகையில் தூங்கியது. அதனால் அதுவரை சாணி நாற்றம் என்று தள்ளி நின்ற தோட்டக் கணக்குப்பிள்ளை, பெரிய கிராணி பரஞ்சோதிகூட மாட்டு வண்டிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். வண்டிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மாசி. இன்னொருவன் அடுத்த லயத்துப் பக்கிரிசாமி.

அப்போது அம்மாசிக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். மனைவி காளியம்மா, மூன்று பிள்ளைகள். பக்கிரிசாமி அவரைவிட இளையவன். கல்யாணமாகவில்லை. பண்டார் பாருவில் கட்டிக்கொடுத்த தங்கை குணவதி ஒருத்திதான் அவனுக்குச் சொந்தம். தன் வீட்டில் அடுப்பு மூட்டுவதைவிடக் காளியம்மா வீட்டு அடுப்படியில் நின்று பேசுவதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

அந்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாக வந்தது. முதலில் சம்பளம், அரிசி, துணி என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமலே ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து சேதி இல்லை. வண்டிக்காரர்களை மட்டும் கிராணி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"வண்டி ஓடுற வரைக்கும் ஒங்க ரெண்டு பேரு மேலயும் கை வைக்க மாட்டான். விறகு போய்ச் சேரணுமில்ல? வண்டி நின்னுச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் என்னைக் கொற சொல்லக்கூடாது."

அதாவது மாடு நடக்கும்வரை ஆளுக்குச் சயாம் இல்லை. அன்றைக்கு அந்த லயங்களில் நெல் மூட்டையைவிட ஒரு நல்ல வண்டி மாடு பெரிய பாதுகாப்பாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

அம்மாசியிடம் சாம்பல், செவலை என்று ஒரு சோடி. பக்கிரிசாமியிடம் கருப்பன், மயிலை. இதில் செவலை புதிதாக வந்த மாடு. ஐப்பசியில் யான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மலாய்க்காரரிடம் தன் கிழட்டு மாட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தார். எருமைகளோடு சேற்றுவெளியில் மேய்ந்த மாடு. கொஞ்சம் இளைத்திருந்தது, அவ்வளவுதான். மார்கழியில் அதற்குக் காய்ச்சல் கண்டு, தண்ணீர் வடியும் கண்ணோடு நின்றது. சீக்கிரமே எழுந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. புது இடம், புதுத் தண்ணீர் என்று அவர் விட்டுவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

மாட்டுப் பொங்கல் வந்தது. சர்க்கரை இல்லை, பச்சரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கைச் சீவி வேகவைத்துப் பொங்கல் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அன்றைக்கு மாடுகளுக்குப் பழைய மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துப் புதுக்கயிறு போட வேண்டும். அதை மட்டும் விடவில்லை. பருத்தி நூல் கிடைக்காததால் தேங்காய் நாரைத் தடிப்பாகத் திரித்து வைத்திருந்தார்கள். பழைய துவாரத்தில் அந்தக் கயிறு நுழையவில்லை. துவாரத்தைக் குத்தூசியால் பெரிதாக்க வேண்டியிருந்தது. குடைக் கம்பியைத் தேய்த்துச் செய்த அந்த ஊசி அம்மாசியுடையது. மூக்குக் குத்துவதில் அவருக்குக் கைராசி என்று பெயர். அவர் குத்தினால் புண் சீழ் வைக்காது.

எப்போதும் முதல் குத்து அவர் மாட்டுக்குத்தான். தன் மாட்டுக்குச் செய்யாததை அடுத்தவன் மாட்டுக்குச் செய்யக்கூடாது என்பது அவர் வைத்திருந்த முறை. அதனால்தான் ஊரும் அவரை நம்பி மாட்டைப் பிடித்துக் கொடுத்தது. செவலையை முதலில் நிறுத்தினார். ஊசி போய் வந்தது. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஊசியைத் தொடையில் கட்டியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாருடா?" என்றார்.

"நம்ம மயிலைதான் அண்ணே," என்று பக்கிரிசாமி இழுத்துக்கொண்டு வந்தான். "ஒன் கையில என்ன தேனா தடவியிருக்கு? நீ தொட்டா அசையாம நிக்குது. நான் தொட்டா முட்டுது."

"நேத்து அதுக்கு என்ன போட்டன்னு யோசிச்சுப் பாரு. முட்டாம முத்தமா குடுக்கும்?"

அடுப்படியிலிருந்து காளியம்மா குரல் கொடுத்தாள். "அந்த வீட்டுல மாட்டுக்காரனும் பட்டினி, மாடும் பட்டினி. ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்தாத்தான் ரெண்டும் தேறும்."

"பாருங்களேன் அண்ணி ஒரு பொண்ண."

"இந்தக் காலத்துல எவ வருவா? கெழங்கக் காட்டியா தாலி கட்டுவ?"

"நானே கெழங்கு மாரிதான இருக்கேன். வந்து பாத்துட்டுப் போகட்டும் லா."

எல்லாரும் சிரித்தார்கள். ஈரம் காயாத ஊசி மயிலையின் மூக்கில் ஏறி இறங்கியது. பிறகு கருப்பன், சாம்பல், இரண்டு மூன்று பசுக்கள்.

தை முடிவதற்குள் மயிலை தின்பதை நிறுத்தியது. உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு தானாகவே ஆறியது. பக்கிரிசாமி சந்தோஷப்பட்டு வண்டியில் பூட்டினான். மறுபடியும் கொதித்தது. கண்ணோரம் நீர் கட்டி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லாமல் வெளுத்திருந்தது. தாடைக்குக் கீழேயும் கால் குளம்புக்கு மேலேயும் தண்ணீர்ப்பை போல வீங்கியது. அதே சமயத்தில் செவலைக்கும் விட்ட காய்ச்சல் திரும்ப வந்தது. லயத்தில் ஒரு சினைப் பசு மாதம் நிறையாமலே கன்றை வீசியது. சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மிளகும் வெற்றிலையும் அரைத்துப் புகட்டினார்கள். வீக்கத்தின் மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு இழுத்தார்கள். மயிலை அதையும் பொறுத்துக்கொண்டு நின்றது.

"மாடு போனா நானும் போக வேண்டியதுதான் அண்ணே," என்றான் பக்கிரிசாமி. அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன்பே இரண்டு பேரும் நோயாளி மாடுகளை மெல்ல நடத்திக்கொண்டு சுங்கை பட்டாணி மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெள்ளைக்கார டாக்டர் போன பிறகு அங்கே மிஞ்சியிருந்தவர் டிரஸ்ஸர் ஜூலியஸ். மாதா படத்துக்குக் கீழே ஒரு மேசை, மேசையில் ஒரு பூதக்கண்ணாடி யந்திரம். ஜூலியஸ் இரண்டு மாட்டின் காதிலும் ஒவ்வொரு சொட்டு ரத்தம் எடுத்தார். ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியைச் சாராய விளக்கில் நன்றாகக் காட்டி, ஆறவைத்து, பிறகுதான் அடுத்த மாட்டுக்குப் போனார். அம்மாசி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கிரிசாமி வெளியே மாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மாசியை உள்ளே கூப்பிட்ட ஜூலியஸ், யந்திரத்தில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

"வட்ட வட்டமா என்னமோ கெடக்குது. நடுவுல... ஐயா, வெலாங்கு மாரி ஒண்ணு நெளியுது!"

"அதுதான் வியாதி. சர்ரான்னு பேரு. ரத்தத்துலயே குடியிருக்கும். அது பெருகுறப்ப காய்ச்சல் வரும், கொறையுறப்ப விட்டுடும். நாம தேறிருச்சுன்னு நெனச்சு வண்டியில பூட்டுவோம். அதோட தொலஞ்சுது. எருமையும் சில மாடும் வியாதிய வச்சுக்கிட்டே சும்மா சுத்தும். வெளிய தெரியாது. குதிரை, நாய்க்கு வந்தாத்தான் தூக்கிட்டுப் போயிடும்."

"காத்துல வருதுங்களா?"

"காத்துல வராது, தண்ணியில வராது. ரத்தத்தோட ரத்தம் தொடணும். பெரிய பிக்காட் ஈ இருக்குல்ல, மாட்டக் கடிச்சு ரத்தம் வரவைக்குமே? ஒரு மாட்டுல பாதி குடிக்கையில வெரட்டிட்டா, அந்த ஈர வாயோட அடுத்த மாட்டுல போய் உக்காரும். அப்படித்தான் தாவும்." ஜூலியஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "மூக்குல ரெண்டுக்கும் ஒரே மாரி தழும்பு இருக்கே. எப்பக் குத்துனது?"

"பொங்கலுக்கு."

"ஒரே ஊசியா?"

அம்மாசியின் கண் சாராய விளக்குப் பக்கம் போயிற்று.

"எந்த மாடு மொதல்ல?"

அம்மாசி செவலையைப் பார்த்தார். ஜூலியஸும் அதைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினார். அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

"ஜெர்மன் மருந்து. முழுப் புட்டியெல்லாம் ஜப்பான்காரன் குதிரைக்குன்னு பூட்டிட்டான். இது தொறந்த புட்டி, கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கி வச்சேன். ஒரு மாட்டுக்குத்தான் காணும்."

"பாதி பாதியா போட்டா?"

"ரெண்டும் போயிடும். பூச்சி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். ஒண்ணுக்குப் போட்டா முழுசாப் போடணும். எதுக்குன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

பேச வேண்டியதில்லை. அம்மாசி வாசலுக்கு வந்து, "மயிலையப் புடிச்சுக்கிட்டு வாடா," என்றார்.

"செவலைக்கு?"

"ஒண்ணுக்குத்தான் மருந்து."

பக்கிரிசாமி கயிற்றை விட்டுவிட்டான். "அண்ணே. புள்ள குட்டிக்காரன் நீ. ஒன் மாட்ட விட்டுட்டு என் மாட்டுக்கா?"

"சொன்னதச் செய்யி."

காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்த மருந்து மயிலையின் கழுத்து நரம்பில் ஏறியது. ஜூலியஸ் நிமிர்ந்து அம்மாசியை ஒரு தடவை பார்த்தார். பிறகு செவலைக்குச் செய்ய வேண்டியதைச் சொன்னார். வேலை கூடாது, ஒரு நடைகூட. மற்ற மாடுகளை விட்டு விலக்கி, எருமை மேய்கிற பள்ளத்துக்குத் தூரமாகக் கட்ட வேண்டும். பொழுது விடிந்து அடையும்வரை ஈ அண்டாமல் புகை மூட்டம் போட வேண்டும். நல்ல தீனி. உடம்பு தாங்கினால் தானே மீளும்.

திரும்பி வரும் வழியில் பக்கிரிசாமி மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நடந்தான். திகாம் பத்து வளைவில் வந்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இத நான் மறந்தா மனுசன் இல்ல அண்ணே," என்றான்.

அப்போது ஊசி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு மாடுகள் மட்டும்தான். அம்மாசி, "வேகமா நடக்காத, மாடு தள்ளாடுது," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காளியம்மாவிடம் முழுவதையும் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சா செஞ்சீங்க? தெரியாமதான. போய் அவன்கிட்ட சொல்லிடுங்க. நாலு திட்டு திட்டுவான், அப்புறம் சோத்துக்கு இங்கதான் வருவான்."

"மாடு தேறட்டும். சொல்றேன்."

மாடு தேறியது. பங்குனியில் மயிலை எழுந்து முட்ட ஆரம்பித்தது. சொல்வதற்கு நேரம் வந்துவிட்டது என்று அம்மாசிக்குத் தெரியும். ஆனால் அதற்குள் பக்கிரிசாமி லயம் முழுக்க, ஸ்டேஷன் வரைக்கும், பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டிருந்தான். தன் மாட்டைச் சாகவிட்டு அடுத்தவன் மாட்டைக் காப்பாற்றிய மனுஷன். கடையில் அம்மாசி வந்தால் நகர்ந்து இடம் விட்டார்கள். பண்டார் பாருவுக்குப் போகிற யாரிடமோ தங்கைக்கும் சொல்லி அனுப்பியிருந்தான். ஒவ்வொரு நாளும் அந்தக் கதை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. உண்மை அதற்கு அடியில் போய்விட்டது.

செவலையை அம்மாசி தோட்டத்தின் ஓரத்தில் தனியாகக் கட்டியிருந்தார். காய்ந்த சாணியும் லாலாங் புல்லும் போட்டுப் பகல் முழுக்கப் புகை. பிள்ளைகளுக்கு மூட்டம் பார்ப்பதே வேலை. மாடு சாகவில்லை, எழவும் இல்லை. மூன்று நல்ல மாடுகளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வண்டியையே மாற்றி மாற்றி இரண்டு பெயருக்கு ஓட்டினார்கள். பரஞ்சோதி கிராணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். வேறு மாடு கிடைக்குமா என்று யான் வரைக்கும் கேட்டார்கள். ஜப்பான்காரன் கறிக்குப் பிடித்தது போக மிச்சமிருந்த மாட்டை எவனும் கண்ணில் காட்டவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கிராணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மாசி வாசலுக்கே வந்தார். பக்கிரிசாமி அங்கேதான் இருந்தான்.

"நாளைக்கு ஜப்பான் தொரை வர்றான். ரெண்டு வண்டியும் மாடு பூட்டி ஆபீஸ் முன்னால நிக்கணுமாம். பட்டாளத்து லோரியும் வருது, சயாமுக்கு ஆளு ஏத்த."

"செவலையப் பூட்டிடுறேங்க," என்றார் அம்மாசி.

"பூட்டுனா பாதி வழியில விழும்," என்றான் பக்கிரிசாமி. "விழுந்தா அங்கியே அறுத்துக் கறியா கொண்டு போயிடுவான். வண்டியும் போச்சு, மாடும் போச்சு. கிராணி ஐயா, ஒரு வண்டி, ஒரு வண்டிக்காரன்னு சொல்லிட்டா சரிதானுங்களே? ஒரு வண்டிக்கு மாடு இருக்குது."

"அப்ப ஒருத்தன் லோரியில ஏறணுமே, அது யாரு?"

"அது நான்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்பதைத்தான் காளியம்மா பிற்காலத்தில் நினைத்துக்கொள்வாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போல. அவள் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். அம்மாசி திரும்பி அவளைப் பார்த்தார். போய்ச் சொல்லிடுங்க என்று பங்குனி முழுக்க நச்சரித்தவள் அவள்தான். அன்றைக்கு அவள் பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அம்மாசி எழுந்தார். "பக்கிரி, ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட."

"சொல்லாத அண்ணே."

"அது இல்லடா, பொங்கலன்னிக்கி..."

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? நான் போறேன், நீ இருன்னுவ. மூணு புள்ளைய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? மாட்டக் காப்பாத்திக் குடுத்தது நீ. அது இல்லன்னா மாசியிலியே நான் போயிருப்பேன். ரெண்டு மாசம் கூட இருந்தேன்ல, அது லாபம்." அவன் சிரித்தான். "சயாம்ல பொண்ணுங்க செவப்பா இருப்பாளுங்களாம் அண்ணி. கெழங்கக் காட்டிப் பாக்குறேன்."

கிராணி தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் திருப்பினார். அம்மாசி உட்கார்ந்துவிட்டார்.

அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. சொன்னால் என்ன ஆகியிருக்கும்? பக்கிரிசாமி, "அப்ப நீயே போ" என்று கோபித்துக்கொண்டு போயிருப்பானா? அல்லது, "அட விடு அண்ணே, ஊசிக்கு என்ன தெரியும்" என்று சிரித்துவிட்டு அப்போதும் அவனே லோரி ஏறியிருப்பானா? இரண்டில் எது நடந்திருந்தாலும் போகிறவன் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போயிருப்பான். தெரிந்துகொண்டு போவதற்கும் தெரியாமல் போவதற்கும் சயாமில் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்? இருந்திருக்கும் என்றுதான் அம்மாசி நினைத்தார். அது அவருடைய பின்னாள் நடத்தையில் தெரிகிறது.

மறுநாள் ஆபீஸ் முன்னால் லோரியில் ஏறும்போது பக்கிரிசாமி மயிலையின் கயிற்றை அம்மாசி கையில் கொடுத்தான். "முட்டும். பாத்துக்க. வந்து வாங்கிக்கிறேன்," என்றான்.

"நல்லாப் பாத்துக்கறேன்," என்றார் அம்மாசி. அவரால் சொல்ல முடிந்தது அதுதான்.

ஆடி வாக்கில் செவலை தானாகவே எழுந்து நின்றது. வீக்கம் வடிந்து, தோல் பளபளத்தது. நோய் விட்டது என்று நம்பி அம்மாசி ஏமாறவில்லை. கடைசிவரை அதைத் தனியாகவே கட்டினார், தனிக் கயிறு, தனி மூட்டம். மயிலையும் கருப்பனும் சாம்பலும் வண்டி இழுத்தன. அந்த வண்டி ஓடியதால் அம்மாசி தோட்டத்திலேயே இருந்தார். பிள்ளைகள் மூன்றும் பிழைத்தன.

போர் முடிந்து, எலும்பும் புண்ணுமாகத் திரும்பி வந்தவர்களில் பழனியாண்டி என்று ஒருவன் இருந்தான். பக்கிரிசாமி வாந்திபேதியில் போய்விட்டான் என்று சொன்னான். எந்த முகாம், எந்த மாதம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பக்கிரிசாமி போனதற்கு அடுத்த மாட்டுப் பொங்கலுக்கே, மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் அம்மாசி ஒரு சட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் தீ எரிய வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். காய்ச்சல் மாடு, கண்ணீர் வடிக்கிற மாடு, கால் வீங்கின மாடு வரவே கூடாது. வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாட்டை ஜூலியஸ் ரத்தம் பார்த்துச் சொல்லும்வரை கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. பேன்டாங் எனும் நெல்வயல் கரையில் எருமையோடு மேயவிடக் கூடாது. எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்டால், "டிரஸ்ஸர் சொன்னாரு," என்பார். பாதி உண்மையைச் சொல்லியே அவர் அந்தத் தோட்டத்தில் நோயைக் கட்டிப் போட்டார். அதற்குப் பிறகு அங்கே சர்ராவால் மாடு செத்ததாகப் பேச்சில்லை. ஆனால் அவர் கையால் எந்த மாட்டுக்கும் மூக்குக் குத்தவில்லை. பக்கத்தில் நின்று தீயை மட்டும் பார்த்துக்கொள்வார்.

போர் முடிந்த வருஷமே மயிலையையும் கருப்பனையும் கொம்பில் எண்ணெய் தடவி, புதுக்கயிறு போட்டு, பண்டார் பாருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிச் சேர்த்துவைத்திருந்தார். ஊரில் நுழைந்து வீட்டைக் கேட்டபோது குணவதியே வெளியே வந்தாள். மாடுகளைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஓடி வந்து நடுரோட்டில் அவர் காலைத் தொட்டாள்.

"நீங்கதான அம்மாசி அண்ணன்? ஒங்க மாட்ட விட்டுட்டு எங்கண்ணன் மாட்டுக்கு மருந்து போட்டீங்களாமே. சொல்லி அனுப்பிச்சுது. எங்கண்ணன் ஒருத்தரப் பத்தி நல்லதா சொன்னது அது ஒண்ணுதான்."

அம்மாசி மாடுகளை அவளிடம் ஒப்படைத்து, அவள் வீட்டில் கைநனைத்துவிட்டு வந்தார். சேர்த்துவைத்த வார்த்தை சேர்த்துவைத்தபடியே திரும்பி வந்தது. பிறகு வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை பண்டார் பாருவுக்குப் போவார். வண்டிக் காலம் போய் பஸ் வந்த பிறகும் போனார். வெல்லம் கொண்டுபோவார், பிள்ளைகளுக்குத் துணி கொண்டுபோவார். கிளம்பும்போது காளியம்மா கேட்பாள், "இந்தத் தடவையாவது சொல்லுவீங்களா?" "பாக்கலாம்," என்பார். திரும்பி வந்ததும் அவள் கேட்கமாட்டாள். சொல்லியிருந்தால் முகத்தில் தெரியும்.

அவர் செத்த அன்று குணவதி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். தலை நரைத்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அவருடைய வலது கையைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கண்ணன் மாட்டக் காப்பாத்துன கையி," என்று ஒப்பாரி வைத்தாள். கேட்டவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். தலையை ஆட்டினார்கள்.

காளியம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜூலியஸ் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். அந்தக் கையைப் பற்றி மிச்சம் தெரிந்தவள் இனி அவள் ஒருத்திதான். குணவதி அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, அவள் பக்கத்தில் வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். தோளில் கை வைத்தாள்.

"குணவதி," என்றாள்.

"சொல்லுங்க அண்ணி."

வெளியே யாரோ பாடைக்குக் கயிறு கேட்டார்கள். காளியம்மா கையை எடுத்தாள்.

"பஸ்ஸுல வந்திருப்ப. ரெண்டு வாய் காப்பி குடி," என்றாள்.